ஓர் அங்குலம்கூடச் சாயாதவர்

"இந்த மண்டபத்துக்கு எத்தனையோ மந்திரிங்க வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சவங்கதான். ஒரு அங்குலம்கூடச் சாயாத ஒரே ஆள் நான்."

வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சுவார்த்தை மண்டபத்தில் நாற்காலி போடுபவர் இப்படி முழங்கியதாகச் சரித்திரம் சொல்கிறது. சரித்திரம் என்றால் வாசல் காவலாளி. அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்ததும் அதே சரித்திரம்தான்.

பேச்சில் பொய் கிடையாது. அது ஒரு குட்டி நாடு. அதன் துறைமுகம் ஆழமானது என்று தெரிந்த நாளிலிருந்து வடக்கு வல்லரசுக்கும் தெற்கு வல்லரசுக்கும் அதன்மேல் பாசம் பொங்கத் தொடங்கியது. ஒன்று பாலம் கட்டித் தந்தால், மற்றது பாலத்துக்கு அடியில் போகப் படகு தந்தது. ஒன்று நல்லெண்ணப் பயணமாகப் போர்க்கப்பலை அனுப்பினால், மற்றது அதைவிட நீளமான நல்லெண்ணத்தை அனுப்பியது. யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத அரசு, தன் வெளியுறவுக் கொள்கை மொத்தத்தையும் தராசின் அளவு நாடாவை நம்பி விட்டிருந்தது.

மேசைக் கொடிகள் ஒரே உயரம். தண்ணீர் பாட்டில்கள் ஒரே தூரம். ஒருமுறை கனத்த வடக்குத் தூதர் உட்கார்ந்து எழுந்ததில் இருக்கை அமுங்கிப்போனது. அன்று மதியம் முழுக்கத் தராசு தெற்கு நாற்காலியில் தானே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து அதையும் அமுக்கி வைத்தார். பிராந்திய அமைதி காப்பாற்றப்பட்டது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

தொழில் புத்தி வீட்டுக்கும் வந்தது. மகள் வடக்கு வல்லரசில் வேலைக்குப் போனாள். மகன் தெற்கில் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். மனைவி இருந்தவரை பிள்ளைகளோடு பேசும் இலாகா அவளுடையது. அவள் போனபின் அது இவர் தலையில் விழுந்தது. மகளுக்கு ஒன்று வாங்கினால் மகனுக்கும் அதே நிறத்தில் ஒன்று. காலையில் மகளிடம் பேசியதையே மாலையில் மகனிடமும் வார்த்தை பிசகாமல் பேசினார். அவளிடம் இருமினால் இவனிடமும் இருமுவார் என்று பிள்ளைகளுக்குள் கேலி.

"உடம்பைப் பாத்துக்கோம்மா."

"இதையேதான் தம்பிகிட்டயும் சொல்வீங்க."

"அவனுக்கும் உடம்பு இருக்கில்ல?"

"எனக்குன்னு தனியா ஏதாவது சொல்லுங்களேன்ப்பா."

தராசு யோசித்தார். இவளுக்கென்று ஒன்று சொன்னால் அதே எடையில் அவனுக்கும் ஒன்று தேட வேண்டும். "ரெண்டு பேர் நலனும் எனக்கு முக்கியம்மா" என்றார். அவள் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் அவர் நடுவே உட்காருவார். இரு பக்கமும் சம தூரத்தில் இரண்டு காலி நாற்காலிகள். மாநாட்டுக்கு எல்லா ஏற்பாடும் கச்சிதம். பிரதிநிதிகள்தான் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து இரண்டு வல்லரசுகளும் நடுக்கடலில் கப்பலோடு கப்பல் உரசிக்கொண்டன. ஒரு நாட்டின் விசா வாங்கியவரை இன்னொரு நாடு உள்ளே விடாது என்று இரண்டும் அறிவித்தன. வேறெந்த விஷயத்திலும் அவற்றுக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

மறுவாரம் மகள் கூப்பிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனுக்குக் கப்பலில் வேலை, திரும்ப மாசக்கணக்காகும்.

"வர முடியுமாப்பா? பக்கத்துல யாருமில்ல."

"வந்தா அப்புறம் தம்பியைப் பாக்க விடமாட்டாங்களேம்மா."

"இவங்க சண்டை எப்ப தீரும்?"

"'தொடர்ந்து பேசுவோம்'னு கூட்டறிக்கை விட்டிருக்காங்க. அப்படின்னா இப்போதைக்குத் தீராது."

"சரி, விடுங்கப்பா."

அழுதிருந்தால் மகனையும் ஒருமுறை அழச் சொல்லிக் கணக்கை நேர் செய்திருப்பார். அவள் அழவில்லை. அதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முறை மாறி, காலையிலேயே மகனைக் கூப்பிட்டார்.

"டேய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஜலதோஷம்கூட இல்லையா?"

"என்னாச்சுப்பா?"

சொன்னார்.

"போங்கப்பா. எனக்கு வருத்தமில்ல." பிறகு, "கொஞ்சம் இருக்கு. ஆனா போங்க."

அமைச்சக மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வடக்கு விசா வாங்கினா உங்கள மறுபடி மண்டபத்துக்குள்ள விட முடியாதுய்யா. தெற்குக்காரங்க பிடிச்சுக்குவாங்க."

"தெரியுங்க சார்" என்று அளவு நாடாவை அவர் மேசைமேல் வைத்தார் தராசு. மேசையின் நடுவில்தான் வைத்தார்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டி கட்டினார். வடக்கில் குளிர் அதிகம் என்று கம்பளிச் சால்வை வாங்கியிருந்தார். பழக்கதோஷம், ஒரே நிறத்தில் இரண்டு. ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன வீட்டில் இங்குமங்கும் நடந்தார். கடைசியில் அதை மடித்து மகனின் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்.