வெறுங்கட்டத்துக்குப் பூச்சியம் போட்ட கதை

1. திங்கட்கிழமை வந்த போன்

குரோய்டனில் ஒரு சிறிய ஆய்வுக் கம்பனியில் பத்தொன்பது வருடம் புள்ளிவிவர வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக நான் விட்ட பெரிய பிழையை எழுதி வைக்கிறேன். தங்கள் கெட்டிக்காரத்தனத்தை எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களுக்காக, அமெரிக்காவின் முப்பது பெரிய நகரங்களைக் கொலை வீதப்படி, கூடியது மேலே குறைந்தது கீழே என்று வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை செய்தேன். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை கொலை, முந்திய வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா, அவ்வளவுதான். இலவசப் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டது. ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் அதை வாசித்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த திங்கள் காலை நடேசன் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், இப்போது கிங்ஸ்பரியில் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் ஆரணி டொக்டர். குழந்தைகளின் இருதய சிகிச்சையில் மேல்பயிற்சிக்கு அமெரிக்காவில் இரண்டு ஆஸ்பத்திரிகள் அவளை அழைத்திருந்தன. அவள் வருடக்கணக்காக ஆசைப்பட்ட ஆஸ்பத்திரி இருக்கும் நகரம் என் அட்டவணையில் முதலாவது. மற்ற நகரம் கடைசி. அங்கே கொலைகள் ஒரே வருடத்தில் பாதியாகக் குறைந்திருந்தன.

"தங்கச்சி, உது நீர் செய்த லிஸ்ட்தானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப சரி. அந்தக் கொலைகார ஊருக்கு விடேலாது எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன். மற்ற இடத்துக்கு எழுதட்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம்."

பத்து நிமிடத்தில் ஆரணியும் எடுத்தாள். "அன்ரி, அப்பாவை மீறிப் போக எனக்கு ஏலும். ஆனா அவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருப்பார். அதை நினைச்சுக்கொண்டு நான் எப்பிடி அங்க வேலை செய்யிறது? உங்கட லிஸ்ட் உண்மையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

உண்மைதான் என்று சொல்ல வாய் எடுத்தேன். "பாத்துப்போட்டுச் சொல்லுறன் பிள்ளை," என்று போனை வைத்தேன்.

2. பாதி

அந்தப் "பாதி"தான் என்னை உறுத்தியது. கொலை வீதம் ஏறும், இறங்கும். இரண்டு கோஷ்டிகள் பழிக்குப் பழி வாங்கத் தொடங்கினால் ஏறும். சுடுகிற துவக்குகள் மலிந்தால் ஏறும். பொலிசை நம்பிச் சனம் வாய் திறந்தால் இறங்கும். அம்புலன்ஸ் கெதியாக வந்தால், சூடு பட்டவர் பிழைத்து, கொலைக் கணக்கில் சேராமலே போவார். எந்தக் காரணம் எவ்வளவு என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆனாலும் ஒரே வருடத்தில் பாதியாகக் குறைவது லேசான காரியமில்லை.

மூலக் கோப்பைத் திறந்து மாதம் மாதமாகப் பார்த்தேன். கடைசி நகரத்தில் ஜூலையிலிருந்து எல்லாக் கட்டமும் வெறுமை. அங்குள்ள பொலிஸ் பதிவு முறையை மாற்றியதால் அரை வருடக் கணக்கு வந்து சேரவில்லை. எங்கள் மென்பொருள் வெறுங்கட்டத்தைப் பூச்சியமாக எடுத்துக் கூட்டிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவசரத்தில் பார்க்காமல் விட்டேன்.

முதலாவது நகரத்துக் கணக்கில் பிழை இல்லை, ஒப்பீட்டில்தான் பிழை. அந்த நகரத்தின் எல்லை பழைய நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. அமைதியான புறநகர்கள் எல்லாம் தனி ஊர்களாக வெளியே நிற்கின்றன. வேறு நகரங்கள் தங்கள் புறநகர்ச் சனத்தையும் சேர்த்து வகுப்பதால் அவற்றின் வீதம் குறைந்து தெரியும். இதைப் பற்றி அட்டவணைக்குக் கீழே ஒரு வரிகூட நான் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

3. முரளியின் அறை

என் மனேஜர் முரளி கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர்.

"அக்கா, பேப்பர்ல வந்தாச்சு. இப்போ தப்புன்னு சொன்னா கிளையன்ட் நம்மள நம்புவாங்களா? அடுத்த வருஷ டேபிள்ல சரி பண்ணிக்கலாம்."

"வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை இதை வைச்சு முடிவெடுக்குது, முரளி."

"ஒருத்தர்தானே அக்கா?"

"எனக்குத் தெரிஞ்சது ஒராள். தெரியாத ஆக்கள் எத்தினை பேரோ. திருத்தம் போகும்வரைக்கும் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "சரி, எழுதுங்க. ஆனா உங்க பேர்லதான் போகும்."

"என்ர பிழை. என்ர பேரிலதான் போகவேணும்."

4. வியாழக்கிழமை, கிங்ஸ்பரி

திருத்தம் வெளியான பிரதியோடு நடேசன் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஆரணியும் இருந்தாள். வரைபடத்தை விரித்து நகர எல்லையைக் காட்டினேன். கொலைகளில் பெரும்பங்கு ஒரு சில தெருக்களில், பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்கிடையே நடப்பவை என்றேன். அண்ணை அசையவில்லை.

"செத்தது செத்ததுதானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. அங்க பயமில்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. மற்ற ஊர் பாதுகாப்பு எண்டு நான் சொன்னதுதான் பொய். ஜூலைக்குப் பிறகு அங்க ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. எழுதாததை நான் பூச்சியம் எண்டு எடுத்துப்போட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சண்டைக் காலத்தில் அவருடைய தம்பியை ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது எங்கள் ஊர் முழுவதுக்கும் தெரியும். அவன் திரும்பி வரவில்லை. அவனைப் பிடித்ததாகவோ அவன் செத்ததாகவோ எந்த அலுவலகத்திலும் ஒரு பதிவு இல்லை.

"என்ர தம்பியின்ர பேரும் ஒரு புத்தகத்திலயும் இல்லை," என்றார். "அவனையும் பூச்சியம் எண்டுதான் எழுதி வைச்சிருப்பினம், என்ன?"

நான் திருத்திய அட்டவணையை அவர் தன் பக்கம் இழுத்து, கடைசி நகரமாக இருந்ததன் வரியை விரலால் தேடினார். அங்கே எண்ணுக்குப் பதிலாகத் "தெரியாது" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதுதான் சரி," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "பயம் எனக்கு இருக்கத்தான் செய்யும். அதை நான் பார்த்துக்கொள்ளுறன். நீ விரும்பின இடத்துக்கே எழுது பிள்ளை," என்றார்.

ஆரணி அன்றைக்கே எழுதினாள்.

ஒரு வீதம் மாறினால் முதலில் எண்ணிய விதம் மாறியதா என்று பாருங்கள். காரணம் தேடுவது அதற்குப் பிறகுதான். கோப்பில் கட்டம் வெறுமையாக இருந்தால் தெரியாது என்று எழுதுங்கள். மேலதிகாரி முறைத்தாலும் எழுதுங்கள். அந்தக் கட்டத்துக்குள் யாருடைய தம்பி இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது.