தார்ப்பாய் கட்டிப் பார்த்த பேய்ப்படங்கள்

பேய்ப்பட ரசிகனா இருக்குறதுல பெரிய கஷ்டம் இன்னான்னா, பேயைத் தவிர மத்த எல்லாரும் நம்மளத் தொந்தரவு பண்ணுவாங்க.

இது தெரிஞ்சவங்களுக்காகத்தான் எழுதுறேன். நாலு பாட்டு, ரெண்டு காமெடி, நடுவுல ஒரு வெள்ளப்பொடவை வர்ற படத்தப் பார்த்துட்டு வந்து "நானும் பேய்ப்பட ரசிகன் பாஸ்"னு சொல்றவங்க தயவு செஞ்சு அந்தாண்ட போயிடுங்க. நான் கூப்புடுறது நம்ம ஆளுங்கள. ஊமைப்படக் காலத்துப் படத்துக்கு நல்ல பிரிண்ட் தேடி மாசக்கணக்குல அலையுற ஜென்மங்கள. தியேட்டர்ல நாலு நாள் கூட ஓடாத, ஆனா அங்கங்க கொஞ்சம் பேர் இன்னும் சாமி மாதிரி கும்புடுற படத்த ஹார்ட் டிஸ்க்குல பத்திரப்படுத்தி வெச்சுகினு, காட்டுறதுக்கு ஆளில்லாமத் தவிக்கிறவங்கள. வாங்க, ஒக்காருங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.

நான் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டுல டாலி கிளார்க். வர்ற பெட்டி நம்பரப் பார்த்து டிக் அடிக்கிற வேலை. வூடு திருவொத்தியூர்ல, ரெண்டாவது மாடி. வயசு நாப்பத்து மூணு.

பொண்ணு பார்க்கப் போன எடம்

ராயபுரத்துல பொண்ணு பார்க்கப் போயிருந்தோம். மாமனார் ரயில்வேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. சர்ச் பூசைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூடத் தவறாதவரு. காப்பி வந்துச்சு, மிக்சர் வந்துச்சு. அப்பால மெதுவா ஆரம்பிச்சாரு. "தம்பிக்கு பழக்கவழக்கம் எப்டி?" குடி இல்லைன்னேன். சிகரெட் இல்லைன்னேன். சீட்டு, ரேஸு எதுவும் இல்லைன்னேன். மனுசன் மூஞ்சி மலர்ந்து போச்சு. அங்கயே வாய மூடிகினு இருந்திருக்கலாம் இல்ல? எனக்கு நேர்மை பொத்துகினு வந்துச்சு. "பேய்ப்படம் மட்டும் நெறைய பார்ப்பேன் சார். பழைய படங்க. வாரத்துக்கு மூணு"ன்னேன்.

மிக்சர் தட்டுக்குப் போன அவரு கை அப்படியே நின்னுச்சு. கதவுக்குப் பின்னால இருந்து யாரோ சிரிப்ப அடக்குற சத்தம். அதுதான் ரெஜினா. அந்தச் சிரிப்பாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. ஆனா மாமனார் வாசல் வரைக்கும் வந்து, தோள்ல கை போட்டு, துக்கம் விசாரிக்கிற குரல்ல சொன்னாரு: "தண்ணி போடுறவனா இருந்தா ஃபாதர்கிட்ட இட்னு போயி சத்தியம் வாங்கிடலாம் தம்பி. இதுக்கு நான் யார்கிட்ட போறது?"

டாக்டர் சொன்னது

ராயபுரத்துக் கடக்காத்துல வளர்ந்தவ ரெஜினா. எங்க ஏரியாவுக்கு வந்த மூணாவது வருசம் அவளுக்கு வீசிங் புடிச்சுகிச்சு. சுத்தி தொழிற்சாலைங்க கீற எங்க பக்கத்துக் காத்து உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அழுவுன முட்டை நாத்தம், ஒரு நாள் தீஞ்ச ரப்பர், ஒரு நாள் பேரு தெரியாத இன்னொண்ணு. துணி காயப்போட்டா கருப்பா பொடி படியும். தலகாணிக்கு அடியில மத்த பொம்பளைங்க ஜெபமாலை வெப்பாங்க. இவ ஜெபமாலையோட இன்ஹேலரும் வெச்சுப்பா.

ஒரு தடவ என்னோட ஒக்காந்து ஒரு பழைய படம் பார்த்தா. சவப்பெட்டி மூடி நகர்ற எடத்துல என் சட்டையப் புடிச்சா. புடிச்ச கைய எடுக்கல. திரும்பிப் பார்த்தா மூச்சு வாங்குது, ஒதடு வெளுத்துப் போச்சு. அலறியடிச்சுகினு டாக்டராண்ட ஓடினேன். என் படம்தான் இவளக் கொல்லப் பார்த்துச்சுன்னு நெனைச்சேன். நடந்ததெல்லாம் ஒளிக்காமச் சொன்னேன். அவரு ஸ்டெதஸ்கோப்பக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு சொன்னாரு: "படத்துல வர்ற புகை ஒண்ணும் பண்ணாதுப்பா. ஜன்னல்ல வர்ற புகைய நிறுத்த முடியுமா பாரு."

டின்னு வந்த கதை

அப்பறம் வூட்ல படம் பார்க்குறத நிறுத்திட்டேன். காதர் பாய்தான் எடம் குடுத்தாரு. வண்ணாரப்பேட்டைக்காரரு. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை எங்க வூட்லேந்து பத்து நிமிச நடையில வெச்சிருந்தாரு. கீழ கடை, மாடியில குடோன். என்னை மாதிரியே அவருக்கும் இந்த வியாதி உண்டு. மூணாவது ஆளு குணா, எங்க யார்டுல கன்டெய்னர் தூக்குற வண்டி ஓட்டுறவன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஷோ.

பட்டப்பகல்ல இருட்டு வேணுமே? பாய் தார்ப்பாயாலயே ஜன்னல், வெண்டிலேட்டர், கதவு இடுக்கு எல்லாத்தையும் அடைச்சு, ஓரத்துல பட்டை வெச்சு ஆணி அடிச்சுட்டாரு. ஒரு ஊசி வெளிச்சம் உள்ள வராது. எந்தப் பணக்காரன் வூட்லயும் அப்பிடி ஒரு தியேட்டர் கெடையாது, சத்தியமா.

ஒரு வாரம் படம் உச்சத்துல கீது. கல்லறைக் கதவு தொறக்குது, சத்தமே இல்ல, மூணு பேரும் மூச்சப் புடிச்சுகினு கீறோம். குணா போன் அடிச்சுச்சு. பதட்டத்துல ஸ்பீக்கர்ல போட்டுட்டான். "யோவ், வஞ்சிரம் வெல ஜாஸ்தியா கீது, சங்கரா வாங்கட்டா?"ன்னு அவன் பொண்டாட்டி குரல் கல்லறைக்குள்ளேந்து வந்த மாதிரி கேட்டுச்சு. பாய் எழுந்து போயி ஒரு பெரிய பிஸ்கட் டின்னக் கொண்டாந்து நடுவுல வெச்சாரு: "பொணத்துக்கே பசி எடுத்துடுச்சு நைனா. இனிமே அல்லார் போனும் ஆஃப் பண்ணி இதுக்குள்ள."

ரெஜினாவோட ஒரே கேள்வி

டின்னு விசயத்த சிரிச்சுகினே வூட்ல சொன்னேன். அவ சிரிக்கல. மூச்சுக்கு மருந்து புடிக்கிற நெபுலைசர் மெஷினோட குழாயத் தொடச்சுகினு இருந்தா. போன ஞாயித்துக்கிழமை கூட ரெண்டு தடவ மூச்சு இழுத்துச்சாம், எனக்குச் சொல்லலயாம். "ரெண்டு மணி நேரந்தானே ரெஜி, பத்து நிமிச தூரத்துலதானே கீறேன்"னேன். அவ சண்டை போடுற ரகம் இல்ல. தலையக் கூடத் தூக்காம கேட்டா: "அந்த ரெண்டு மணி நேரத்துல எனக்கு இழுத்துச்சுன்னா, டின்னா வந்து தூக்கும்?"

மூலக்கொத்தளத்துல ஒரு அடக்கம்

நம்மகிட்ட ஒரு கெட்ட புத்தி உண்டு, ஒத்துக்கங்க. எங்க போனாலும் நமக்கு செட்டுதான் தெரியும். யார்டுல கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் தவறிட்டாரு. மூலக்கொத்தளத்துல அடக்கம். தூறல், சாய்ஞ்ச சிலுவைங்க, மரத்துக்கு நடுவுல சாம்பல் கலர் வெளிச்சம். என்னையும் மீறி வாய்லேந்து வந்துடுச்சு: "அடடா, இன்னா லைட்டிங்!"

செத்தவரோட தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைய இன்னும் மறக்கல. பூமியப் பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஒதுங்கிப் போயி குழி வெட்டுறவராண்ட நின்னேன். அசட்டுத்தனமா ஒண்ணு செஞ்சா இன்னொண்ணும் செய்வோம் இல்ல? "இங்க எதுனா பார்த்திருக்கீங்களாண்ணே?"ன்னேன். அவரு மம்முட்டியில ஒட்டுன மண்ண வழிச்சுப் போட்டுட்டு சொன்னாரு: "அல்லாரும் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா ஒழைச்சிட்டு வந்தவனுங்கபா. இப்பத்தான் தூங்குறானுங்க. எந்திரிச்சு வந்து உன்னை பயமுறுத்த அவனுக்கு இன்னா தலையெழுத்து?"

புது ஸ்பீக்கர்

இனிமே சொல்லப் போறதுல சிரிப்பு கம்மி. முன்னாடியே சொல்லிட்டேன்.

பத்து வருசமா தேடின படம் ஒண்ணு கெடைச்சுச்சு. கறுப்பு வெள்ளை. ஒரு தீவு. கோயில் மணி தானா அடிச்சா ஊரே கத்திகினு கடலப் பார்த்து ஓடும். ஏன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டான். இந்தப் படத்துக்காகவே பாய் முதுகுக்குப் பின்னால வெக்கிற ஸ்பீக்கர் ரெண்டு வாங்கி மாட்டியிருந்தாரு. போன்லாம் டின்னுக்குள்ள போச்சு. கதவுத் தார்ப்பாய இழுத்து விட்டாச்சு.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். படத்துல ஊர் ஓடுது. பின்னாடியிருந்து பொம்பளைங்க அலறுற சத்தம், கொழந்தைங்க அழுவுற சத்தம், யாரோ பேரச் சொல்லிக் கூப்புடுற சத்தம். பாய் என் தொடையத் தட்டி, "பார்த்தியா நைனா, பின்னாடி இருந்தே வருது"ன்னு குசுகுசுன்னாரு. நான் கட்டை வெரலத் தூக்கிக் காட்டினேன். கண்ணு லேசா எரிஞ்சுச்சு. புதுத் தார்ப்பாய் நெடின்னு நெனைச்சேன். கீழ ஷட்டர யாரோ டமடமன்னு தட்டினாங்க. குணா எழுந்திரிக்கப் பார்த்தான். அவன் கையப் புடிச்சு ஒக்கார வெச்சது நான்தான். இத நான் யார் மேலயும் போட முடியாது. நான் சொன்ன வார்த்தை இதுதான்: "பசங்க பந்து அடிக்கிறானுங்க மாமு. படம் முடியட்டும்."

தெரு

படம் முடிஞ்சு கதவத் தொறந்தோம். தெருவுல ஒரு ஆளில்ல. பட்டப்பகல் அஞ்சு மணி. பஜ்ஜி வண்டியில அடுப்பு எரிஞ்சுகினு கீது, எண்ணெயில பஜ்ஜி கருகிக் கரியாகி மெதக்குது. ரோடு பூரா ஒத்தச் செருப்பு. சின்னப் புள்ளைங்க செருப்புதான் ஜாஸ்தி. மூக்குல ஒரு காரம் ஏறி, மூணு பேரும் குமுறிக் குமுறி இருமினோம். ஏதோ ஒரு தொழிற்சாலையிலேந்து கேஸ் கசிஞ்சிருக்கு. ஜனம் கையில கெடைச்ச புள்ளையத் தூக்கிகினு ஓடியிருக்கு. அதெல்லாம் அப்பறம் தெரிஞ்சது. அந்த நிமிசம் ஒண்ணும் புரியல. குணா என் சட்டையப் புடிச்சுகினு கேட்டான்: "மாமு, படம் முடிஞ்சிடுச்சு இல்ல?"

பதினோரு தடவ

ஓடிகினே போன ஆன் பண்ணேன். மிஸ்டு கால் மெசேஜ் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து விழுந்துச்சு. பதினோரு கால். எல்லாம் ரெஜினா.

வூட்டுக் கதவு தொறந்து கெடக்கு. நெபுலைசர் தரையில கீது, எங்க தெருப்பக்கம் மட்டும் கரண்டு இல்ல. இன்ஹேலர் காலி. "ரெஜி, ரெஜி"ன்னு தெரு முழுக்கக் கத்தினேன். பதில் சொல்ல ஆளே இல்ல. மொத ஆஸ்பத்திரியில இல்ல. ரெண்டாவது ஆஸ்பத்திரியில, வராண்டாவுல ஒரு கட்டில்ல இன்னொரு பொம்பளையோட கால்மாடு தலைமாடா படுத்திருந்தா. மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க். பொடவையெல்லாம் ஈரம், மீன் கவுச்சி. பேரு தெரியாத ஒரு மீன்பாடி வண்டிக்காரர், வழியில வுயுந்து கெடந்தவங்களையெல்லாம் பொறுக்கி ஐஸ் பொட்டி மேல ஒக்கார வெச்சு மிதிச்சுகினே வந்திருக்காரு. அந்த மனுசன இன்னிக்கு வரைக்கும் தேடிகினு கீறேன்.

கால் மாட்டுல நின்னு அழுதேன். அவ மாஸ்க்க ஒரு பக்கமா நகத்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு புடிச்சு சொன்னா: "பதினோரு வாட்டியும் ஒரு பொண்ணுதான் பேசுனா. ஸ்விட்ச் ஆஃப்னா. ரொம்ப மரியாதையா சொன்னா."

பாய் வந்தாரு

ரெஜினா வூட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். காதர் பாய் பழம் வாங்கிகினு வந்தாரு. செருப்பக் கழட்டிட்டு வாசப்படியோட ஒட்டி ஒக்காந்தாரு. உள்ள கூப்புட்டும் வரல. அடுப்பாங்கரையிலேந்து வாசலுக்கு வர ரெஜினா நடுவுல ஒரு தடவ செவுத்தப் புடிச்சுகினு நின்னத அவரு பார்த்துட்டாரு. டீ கிளாஸக் கீழ வெச்சுட்டு மொள்ள சொன்னாரு: "வெளிச்சம் வரக்கூடாதுன்னுதான் தங்கச்சி அவ்ளோ இறுக்கமா கட்டுனேன். காத்து கூட வரல. நாங்க மூணு பேரும் உள்ள சௌக்கியமா இருந்தோம், அதான் தாங்கல."

போன வாரம்

அன்னிலேந்து நான் படம் பார்க்கல. சபதம்லாம் ஒண்ணுமில்ல, முடியல. ஹார்ட் டிஸ்க்க பீரோவுல துணிக்கு அடியில போட்டுட்டேன். அவ நுரையீரல் பழைய மாதிரி ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏரியாவ விட்டுப் போங்கன்னாரு. வேலை இங்க கீது, எங்க போறது?

ரெஜினா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டுவா திட்டுவான்னு ஆறு மாசமாக் காத்துகினு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு முடிச்சு ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தோம். கீரைக்கட்டப் பிரிச்சு ஆஞ்சுகினு இருந்தவ திடீர்னு கேட்டா, "அன்னிக்குப் பார்த்தீங்களே, அந்தப் படம் எப்டி?"

நல்லால்லன்னு சொல்லியிருக்கலாம். பாதியில போர் அடிச்சுச்சுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவ மூஞ்சியப் பார்த்து என்னால பொய் சொல்ல வரல. என் வாழ்க்கையில பார்த்ததுலயே அதுதான் நல்ல படம். அவ ஒவ்வொரு படியா மூச்சு எண்ணி எறங்குன நேரத்துல நான் அவ்ளோ சந்தோசமா இருந்தேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு ரெஜி"ன்னேன். அவ ஆஞ்ச கீரைய மொறத்துல போட்டா. அப்பறம் சொன்னா: "சரி. அதாச்சும் நல்லா இருந்துச்சே."

பயத்தத் தேடித் தேடிப் பார்த்தவன் நான். அது எங்க தெருவுக்கே என்னைப் பார்க்க வந்த அன்னிக்கு, ஐயா வூட்ல இல்ல.