சிக்னே வீட்டு விறகு

“கையுறை எடுத்து வெச்சுக்கிட்டியா அண்ணி?”

சிக்னே என்ற பெயரைக் குனில்லா முதன்முதலில் கேட்டது இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான். கல்யாணமாகி இரண்டு மாதம். ஜூலை பிறந்ததும் ஒரு வாரம் வடக்கே பியோர்க்னேஸில் சிக்னே வீட்டில் போய்த் தங்குவது தன் அம்மா காலத்து வழக்கம் என்று புருஷன் லென்னார்ட் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த நாத்தனார் மாய், தலையைத் தூக்காமலே கையுறையைப் பற்றிக் கேட்டாள். கோடைக்காலத்தில் கையுறை எதற்கு என்று கேட்டதற்கு, “போய்ட்டு வா, தானா தெரியும்” என்றதோடு சரி. மாய் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போனவள். திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

குனில்லாவுக்கும் அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆறு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே ஏணியை இழுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், பூப்போட்ட கவுனும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு சிக்னே, அறுபது வயதில், தன்னைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள ஏணியைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள். “ஐயோ, நீ தூங்கும்மா. நான் சும்மா ஒரு நிமிஷம்” என்றாள் மேலே பார்த்து. பிறகு சிவப்புச் சாய வாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். இரண்டு படி ஏறி ஒரு இருமல், இன்னும் இரண்டு படி ஏறி இன்னொரு இருமல். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு எந்த விருந்தாளியால் படுத்திருக்க முடியும்? கால் மணி நேரத்தில் லென்னார்ட் ஏணியில் இருந்தான், குனில்லா கையில் தூரிகை இருந்தது. இருமல் நின்றுவிட்டது. சிக்னே அடுப்படியில் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் தெற்குச் சுவர். அடுத்த வருஷம் மேற்கு. பிறகு கொட்டகைக் கூரை, கிணற்று மூடி, உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேலி. பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் குனில்லாவின் கை படாத பலகை கிடையாது. இத்தனைக்கும், இதைச் செய்து கொடு என்று சிக்னே ஒருவரிடமும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பது அவளுக்குப் பிடிக்காது. விருந்தாளி கண்ணுக்கு முன்னால் வந்து, தன்னால் ஆகாத ஒரு வேலையைத் தானே ஆரம்பிப்பாள். அவ்வளவுதான்.

அவளும் லென்னார்ட்டின் அம்மா ஆல்மாவும் சின்ன வயதில் மரம்வெட்டிகள் முகாமில் சமையல்காரிகளாக இருந்தவர்கள். நாற்பது ஆண்களுக்கு இரண்டு பெண்கள் பொங்கிப் போட்டார்கள். ஆல்மா தெற்கே யேவ்லேயில் வாக்கப்பட்டாள். சிக்னே அங்கேயே ஹெல்கே என்பவனை, வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். ஹெல்கே செத்துப்போய் இருபத்தாறு வருஷம். பிள்ளை இல்லை. அண்ணன் அமெரிக்காவுக்குப் போனவன் போனவன்தான். தங்கை பிள்ளை ஒருத்தன் கிறிஸ்துமஸுக்கு வருவான், மேல்கோட்டைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

சிக்னே காப்பியைச் சாஸரில் ஊற்றி, முன்பல்லில் ஒரு சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு, அதன் வழியாகத்தான் உறிஞ்சுவாள். வானொலியில் வானிலை சொல்கிறபோது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. சொல்லி முடித்ததும், “பொய் சொல்றான்” என்று அணைத்துவிடுவாள். சீட்டு விளையாடினால் எதிராளியின் சீட்டு அவள் மூக்குக்கண்ணாடியில் தெரிகிறதோ என்று சந்தேகம் வரும். “ஆமாம்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் வடக்கத்தியாருக்கு உள்ள பழக்கம் அது: உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பது. சூடான கஞ்சியை உறிஞ்சினதுபோல ஒரு சத்தம் வரும். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் அவளிடம் ஒரே மூச்சுதான்.

பதினெட்டாவது வருஷம் குனில்லா ஒரு சபதம் எடுத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு மாதம் நின்றபடியே வேலை செய்து, அவள் கால் இரண்டும் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தன. காலைத் தூக்கி வைத்து ஒரு வாரமாவது படுக்காவிட்டால் இலையுதிர்காலத்தில் கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு நாள். ஏழு நாளும் வலை ஊஞ்சலில் படுத்து ஒரு தடிப் புத்தகத்தைப் படித்து முடிப்பது. ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. பெட்டியில் வேண்டுமென்றே கையுறை வைக்கவில்லை.

“உன்னால முடியாது” என்றான் லென்னார்ட், காரை ஓட்டிக்கொண்டே.

“பாரு” என்றாள் குனில்லா.

“அப்பா, நான் சிக்னே பாட்டி பக்கம்” என்றாள் பின்னாலிருந்து மகள் சீவ். பதினாறு வயது.

போய் இறங்கினால், கொட்டகையோரம் பெரிய விறகடுக்கு முழுதும் சரிந்து முற்றத்தில் பரந்து கிடந்தது. பனி தள்ளிவிட்டது என்றாள் சிக்னே. போன வருஷமும் பனிதான் தள்ளிவிட்டிருந்தது. “ஒண்ணும் அவசரமில்ல. நீங்க காப்பி குடிங்க. நான் சும்மா ஒரு நிமிஷம்…” என்று எழுபத்தெட்டு வயதில் குனிந்து இரண்டு கட்டைகளை எடுத்தாள். லென்னார்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

குனில்லா வைக்கவில்லை. நேராக ஊஞ்சலுக்குப் போய்ப் படுத்தாள்.

முதல் நாள் ஏணிச் சத்தம் கேட்டது. தலையணையைக் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் சிக்னே கவுன் மடியில் கட்டைகளை அள்ளிக்கொண்டு, கொட்டகைக்குப் போகிற நேர்வழியை விட்டுவிட்டு ஊஞ்சலைச் சுற்றி நடந்தாள், ஒவ்வொரு நடைக்கும் ஒரு முனகலோடு. குனில்லா பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாம் நாள் இருமல். குனில்லா போய்த் தேன் கலந்த வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி படுத்தாள். கால் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. சிக்னே வெந்நீரைக் குடித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகாமில் நாற்பது மரம்வெட்டிகளை ஆண்டவள், சும்மா விடுவாளா?

நான்காம் நாள் இருமவில்லை, முனகவில்லை. லென்னார்ட் அடுக்கியதற்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்துப் பாராட்ட ஆரம்பித்தாள்.

“லென்னார்ட் அடுக்கினா அடுக்குதான். அவங்க அம்மா கை அப்படியே இருக்கு.”

குனில்லா புத்தகத்துக்கு மேலாகப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சாராயம் குடித்தவன் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றது அந்த அடுக்கு. நடுவில் தொந்தி, ஓரத்தில் கூன். பிர்ச் மரக் கட்டைகளின் பட்டை பாதி மேலே, பாதி கீழே.

குனில்லாவின் அப்பா மரம்வெட்டி. பெண் கொடுக்கிற வீட்டில் போய் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காதே, விறகடுக்கைப் பார் என்று சொல்லிச் சொல்லியே நான்கு பெண்களை வளர்த்தவர். மூத்தவளுக்கு வந்த நல்ல வரன் ஒன்றை, அடுக்கில் எலி நுழைகிற சந்து அகலமாக இருந்தது என்று திருப்பி அனுப்பியவர். குனில்லா டவுனில் வாக்கப்பட்டதால் லென்னார்ட் தப்பித்தான்.

“அத்தை, அது சாயுது” என்றாள் படுத்தபடியே.

“எங்கம்மா சாயுது? அது ஒரு அழகு. ரோட்டுல போறவங்க எல்லாம் பார்க்கணும். யாரு அடுக்கினதுன்னு கேட்டா, எங்க குனில்லா வீட்டுக்காரர்னு சொல்லுவேன்.”

குனில்லா ஒரே வரியை நான்கு தடவை படித்தாள். ஐந்தாம் தடவை புத்தகத்தை மூடிப் புல்லில் போட்டாள். ஊஞ்சலைவிட்டு இறங்கி வந்து, புருஷன் மூன்று நாள் அடுக்கியதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். சிக்னே கவுன் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள். குனில்லாவின் அளவு. நாலு நாளாகப் பையிலேயே இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் சிக்னே பசு பார்க்கப் போகிறேன் என்று பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தபோதுதான் குனில்லா கையில் அந்தக் கட்டை வந்தது. வெட்டுமுகத்தில் பன்றி மூக்குபோல ஒரு முடிச்சு. அதன்மேல் சிவப்புச் சாயத்தில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும். போன வருஷம் சீவ் வரைந்தது. காவல்காரன் என்று பெயர் வைத்து அடுக்கின் அடிவரிசையில் முதல் கட்டையாக வைத்திருந்தாள்.

குனில்லா அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு முழு வடக்கத்திக் குளிர்காலம் போயிருக்கிறது. ஒரு கட்டைகூட எரியவில்லையா? குனிந்து மற்றவற்றைப் புரட்டினாள். எல்லாம் சாம்பல் பூத்த பழைய கட்டை. போன வருஷத்துக் கட்டை, அதற்கு முந்தின வருஷத்துக் கட்டை. அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே வெள்ளைத் தகரப் பெட்டிபோல் இருந்து வீட்டைச் சூடாக்கும் மின்கணப்புகள் நினைவுக்கு வந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் வைத்தது. அது என்ன அத்தை என்று கேட்டதற்கு, “அழகுக்கு” என்று சொல்லி மேலே பூந்தொட்டியை வைத்திருந்தாள் சிக்னே.

தபால் கொடுக்க வந்த தாகே, பக்கத்து வீட்டுக்காரர், வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார். போன குளிர்காலத்தில் பனி ரொம்பவோ என்று குனில்லா கேட்டாள்.

“பனியா? முழங்கால் அளவுகூட இல்ல.”

“அப்ப இது எப்படி விழுந்துச்சு?”

தாகே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கள் ஊரில் அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்வது மரியாதை இல்லை. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் போவது உடம்புக்கு ஆகாது. மே மாதக் கடைசியில் சிக்னே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள், இரண்டு நாள் ஆனது, தோள்பட்டை பிசகி ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை, தான் உதவிக்குப் போனதற்கு, நான் சும்மா ஒரு நிமிஷம் என்று விரட்டிவிட்டாள் என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார்.

“எதுக்கு இந்த வேலை?”

“ரெண்டு வருஷம் முன்னால வந்தீங்களே, அப்ப தள்ளல” என்றார் தாகே. “நாலாம் நாளே கிளம்பிட்டீங்க.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குனில்லாவுக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. சுவருக்கெல்லாம் சாயம் அடித்தாகிவிட்டது, விறகு அடுக்கியபடி நின்றது, வேலி நேராக இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டதே லென்னார்ட்டுக்கு முள்ளாய்க் குத்தியது. வயசானவளுக்குப் பாரமாக எத்தனை நாள் இருப்பது என்று நான்காம் நாள் காலையில் பெட்டியைக் கட்டிவிட்டான். இன்னும் மூன்று நாள் இருங்கள் என்று சிக்னே சொல்லவில்லை. கிளம்புகிறோம் அத்தை என்றதற்கு மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். மேஜைமேல் ஏழு வகை பிஸ்கட் தட்டு நிறைய அப்படியே இருந்தது.

அவன் பாரமாகிவிடக் கூடாது என்று கிளம்பினான். அவள் தடுத்தால் பாரமாகிவிடும் என்று தடுக்கவில்லை. இப்படி இரண்டு பேர் சந்தித்தால் நடுவில் விறகுதான் பேச வேண்டும்.

குனில்லா இதை லென்னார்ட்டிடம் சொல்லவில்லை. காவல்காரனைச் சீவ் கண்ணில் படாமல் நடுவில் எங்கோ செருகிவிட்டாள். மீதி மூன்று நாளும் காலையில் அடுக்கினாள், மத்தியானம் காலைத் தூக்கிவைத்துப் படித்தாள். முன்பக்கம் நூல் பிடித்ததுபோல வந்தது. பட்டையெல்லாம் மேலே பார்க்க, எலி போகச் சந்து உண்டு, பூனை போகச் சந்து இல்லை. ரோட்டில் போகிற கார்கள் மெதுவாகப் போயின.

கடைசிக் கோடியில் மட்டும், அடிவரிசையில், பிளக்காத உருண்டைக் கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்தாள். ஆப்பு வைக்கவில்லை. அதன் முன்னால் பென்சில் அளவு குச்சி ஒன்றை மட்டும் செருகினாள்.

லென்னார்ட் அதைப் பார்த்துவிட்டான். “இது உருளுமே. குச்சியை எடுத்தா மொத்தமும் வந்துரும். உங்கப்பா பார்த்தா என்ன சொல்லுவாரு?”

“அவரா வந்து அடுக்குறாரு?” என்றாள் குனில்லா. “நீ பெட்டியைக் கட்டு.”

கிளம்புகிற அன்று சிக்னே அடுக்கைப் பார்வையிட வந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடியிலிருந்து கோடி வரை பார்த்தாள். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். கடைசிக் கோடிக்கு வந்ததும் நின்றாள். குனிந்து உருண்டைக் கட்டையைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். பிறகு வலது தோள்பட்டையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே குனில்லாவைப் பார்த்தாள்.

“பனி விழுந்தா தாங்குமாம்மா?”

“தாங்காது அத்தை” என்றாள் குனில்லா. “மே மாசக் கடைசி வரைக்கும் தாங்கும்.”

சிக்னே உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தாள். ரப்பர் பூட்ஸின் நுனியால் அந்தக் குச்சியை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். தள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக் குனில்லாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிறது. சிக்னேவுக்கு எண்பத்து நாலு. பியோர்க்னேஸில் அதே சிவப்பு வீட்டில்தான் இருக்கிறாள். இது ஜூன் மாதம். கொட்டகையோரம் விறகு சரிந்து கிடக்கிறது.