ஜூலிக்கும் செக்கிங் உண்டு

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு தினம். நான் பேச்சாளர். பாதுகாப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஹெல்மெட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறவன். கூப்பிட்டார்கள்… போனேன்.

கேட்டில் காலை ஷிஃப்டுக்கு வரிசை. பீடி, லைட்டர் உள்ளே போகக்கூடாது. செக்யூரிட்டி ஏசுபாதம் ஒவ்வொருவரையும் தட்டிப் பார்த்து, மெட்டல் டிடெக்டரை ஓட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசையின் நடுவில், இரண்டு வெல்டர்களுக்கு இடையே, ஒரு நாய்!

“இது யாருங்க?”

“ஜூலி சார். தெனிக்கும் வரிசைல வந்து நிக்கும். செக் பண்ணித்தான் உள்ள உடுவேன்.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க சார். புதுசா வந்த ஹெச்ஆர் சாரு கேமராவுல பாத்துட்டு மெமோ குட்த்துட்டாரு. இன்னிக்கு அவரே வந்து பாப்பாராம். நாய தொட்டேன்னா வேல காலி. ஊட்ல எல்லாம் என்ன நம்பிக்கினு கீது… ஒரே பேஜாரு சார்.”

“தொடாமல் விட்டுவிடுங்களேன்?”

“ஒரு நாளு உட்டுப் பாத்தேன். கேட்டாண்டயே குந்திக்கினு ஒரே அழுவ. சோறு வச்சா மோந்துகூட பாக்கல.”

ஹெச்ஆரின் கார் வந்துவிட்டது. இளைஞர். கண்ணாடியை இறக்கி, “அதைத் தொடாதீங்க. சும்மா உள்ளே விடுங்க” என்றார். ஏசுபாதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஜூலி நகரவில்லை. ஏசுபாதத்தின் முகத்தைப் பார்த்தது. முன்னால் போன வெல்டரைப் பார்த்தது — அவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷலாம்? நேராகப் போய் காருக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

ஹெச்ஆர் ஹாரன் அடித்தார். பிஸ்கட் போட்டார். ம்ஹூம்! ஷிஃப்ட் சைரனும் ஊதிவிட்டது. வரிசை முழுக்கச் சிரிப்பு.

கடைசியில் இறங்கி வந்தார். “இதுக்கு என்னதாங்க வேணும்?”

ஏசுபாதம் தயங்கினார். “சார்… தெனிக்கும் அத்த ஒருத்தரு ஆசையா தொடறது இந்த ஒரு நேரந்தான். வெளிய போச்சுன்னா கல்லுதான்.”

ஹெச்ஆர் டிடெக்டரைத் தானே வாங்கிக்கொண்டார். குனிந்து ஜூலியின் முதுகில் ஓட்டினார். விலாவில், பயந்து பயந்து, இரண்டு தட்டு தட்டினார். ஜூலி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு டூட்டிக்குப் போனது. “மெமோவை விடுங்க” என்றார், ஏசுபாதத்தின் முகத்தைப் பார்க்காமல்.

மிருகங்களுக்கு ரோஷம் உண்டா, வருத்தம் உண்டா என்று டிவியில் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். எதற்கு? கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பஸ் ஏறினால் போதாதா?

நேற்று ஏசுபாதம் போன் செய்தார். ஹெச்ஆர் இப்போதெல்லாம் காரை வெளியிலேயே நிறுத்திவிடுகிறாராம். ஜூலிக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாராம்.

பாவம்… அவரை யாராவது தட்டிக்கொடுத்து எத்தனை நாளாயிற்றோ!