ஹோல்டு போட்ட ஞானமணி

கீரனூர் பக்கத்து நூல்மில் ஒன்றில் ஞானமணி லைன் லீடர். பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷின்கள் அவள் பொறுப்பு. முன்பெல்லாம் மேஸ்திரி என்பார்கள். வேலை அதேதான், பெயர் மட்டும் இங்கிலீஷுக்கு மாறியது. கூடவே ஒரு செல்போனையும் அதில் ஒரு ஆப்பையும் கொடுத்தார்கள். இதென்னடா தலைவலி என்று பழைய ஆட்கள் பாதிப் பேர் வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். ஞானமணி நிற்கவில்லை. பத்தாவது பெயிலானவள்தானே என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்ற வைராக்கியம் அவளுக்கு.

காலை மீட்டிங்கில் இன்ஜினியர் பாலாஜி கொட்டுகிற வார்த்தைகளை வேனில் திரும்பும்போது ஒவ்வொன்றாக மென்று பார்ப்பாள். எஸ்கலேட் பண்ணுவதென்றால் மேலிடத்தில் போட்டுக்கொடுப்பது. ஆக்ஷன் ஐட்டம் என்றால் நம் தலையில் கட்டுகிற வேலை. அலைன் ஆவதென்றால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவது. இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

நடுரோட்டில் லாரி படுத்துவிட்டால் பின்னால் ஒரு கொப்பை ஒடித்து வைப்பார்களே, அந்த வழக்கம் மில்லிலும் இருந்தது. கெட்டுப்போன மெஷினில் வேப்பங்கொப்பைச் செருகிவிட்டால் அடுத்த ஷிப்டுக்காரி கிட்டவே போகமாட்டாள். ஆப் வந்ததும் பாலாஜி அதை நிறுத்தினான்.

"இது என்னக்கா, மாரியம்மன் கோயிலா? ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா சிரிப்பாங்க. போன்ல ஹோல்டு போடுங்க. மெஷின் ஸ்க்ரீன்ல செவப்பு வந்துரும், யாராலயும் ஓட்ட முடியாது."

"கட்டாயம் வந்துருங்களா சார்?"

"எல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்."

பார்த்துக்கொண்டும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆடிட் நாள் வரைக்கும்.

அன்றைக்கு ஷிப்ட் முடிகிற நேரம், மூன்றாம் மெஷினின் மூடியைத் திறந்தும் உள்ளே உருளை நிற்கவில்லை. உடம்பெல்லாம் கம்பிப் பல்லாக இருக்கிற உருளை அது. மூடி திறந்தால் தானாக நின்றாக வேண்டும். ஞானமணி சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டு போட்டாள். போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, 'சிங்க் பெண்டிங்' என்று நின்றுவிட்டது. பெண்டிங் என்றால் இன்னும் போய்ச் சேரவில்லை என்று அவளுக்குத் தெரியும். பாலாஜியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஆடிட்காரர்களோடு நடந்துகொண்டிருந்தவன் போனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நெட் ஸ்லோக்கா. தானா ஏறிரும்."

வாசலிலேயே வேப்பமரம். ஒரு எட்டு போய்க் கொப்பை ஒடித்து வந்திருக்கலாம். கோட்டுப் போட்டவர்கள் முன்னால் பட்டிக்காட்டாள் மாதிரித் தெரிய அவளுக்குக் கூச்சம். பாழாய்ப்போன கூச்சம்! வேன் ஏறிவிட்டாள்.

ஹோல்டு ஏறவேயில்லை. ஸ்க்ரீன் பச்சை காட்டியது. அடுத்த ஷிப்டுக்கு வந்த இருளாயி மெஷினை ஓட்டினாள். பஞ்சு அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்தாள், நின்றிருக்கும் என்று கையை விட்டாள். வலது கை முழங்கை வரைக்கும் போய்விட்டது. இடுப்புப் பிள்ளைக்காரி.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். பாலாஜி புரொஜெக்டர் வைத்துச் சுவரில் எழுத்தாகக் காட்டினான்: ரூட் காஸ், ஆப்பரேட்டர் நெக்லிஜென்ஸ். ஞானமணிக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருளாயி தன் கவனக்குறைவால் தானே கையை விட்டாள், ஆகவே மில் அவளுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"லைன் லீடர், நீங்களும் அலைன்டுதானே?" என்றார் மேனேஜர்.

ஞானமணி எழுந்துவிட்டாள்.

"இல்லைங்க சார். அந்தப் புள்ள மேல தப்பில்ல. மூடியத் தொறந்தா மெஷின் நிக்கலைன்னு எனக்குத் தெரியும். ஹோல்டு ஏறலைன்னும் தெரியும். பாலாஜி சார்ட்டயும் காட்டுனேன்."

பாலாஜி தனக்கு ஞாபகமில்லை என்றான். சாயங்காலத்துக்குள் சுவரில் ஆள் மாறியது: லைன் லீடர் நெக்லிஜென்ஸ். இருளாயியின் வைத்தியத்தை மில்லே பார்க்கும் என்றார்கள். ஞானமணியை இனி வர வேண்டாம் என்றார்கள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இவ்வளவாவது செய்தோமே என்று ஒரு ஆறுதல், அதைச் சொல்லத்தான் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ஒனக்கு வேலையும் போச்சாக்கா?" என்றாள் இருளாயி.

"போனாப் போவுது. ஒம்மேல தப்பில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்டி."

இருளாயி இடது கையால் போர்வையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை அவள் குரல்.

"அன்னிக்கு ஷிப்டு மாறும்போது மில் கேட்டுல எதுத்தாப்ல வந்தியேக்கா. சாப்டியாடின்னு கேட்டுட்டு வேன் ஏறுன. அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஞானமணிக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனில்தான் போட்டாயிற்றே என்று, வாயால் சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை.