ஸ்டெல்லா டீச்சர் ஆற்றில் விடாத மீன்

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உபதேசியார் வந்து, "ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்கம்மா, தூக்கத்துலயே" என்றார். "வேற யாராவது இருக்கும். சரியா விசாரிச்சுட்டுச் சொல்லுங்க" என்று அவரைக் கண்டித்தேன். முந்தின மாலைதான் டீச்சர் என் வீட்டில் காபி குடித்து, சர்க்கரை அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கோப்பையை நான் இன்னும் கழுவியிருக்கவில்லை.

அவரிடம் விலங்கியல் படித்த ராயபுரத்துப் பெண்களுக்கு அவர் வீட்டு மீன்தொட்டி நினைவிருக்கும். அதில் இருந்தது, டேங்க் கிளீனர் என்று கடையில் விற்கும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியை உறிஞ்சும் மீன். விரல் நீளத்தில் வாங்கிய ஒரு மாணவி, அது முழங்கை அளவு வளர்ந்ததும் ஆற்றில் விடப் போனாள். டீச்சர் பிடுங்கித் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஒருமுறை அவருடன் கொசஸ்தலை ஆற்றங்கரைக்குப் போனேன். ஒரு மீனவர் கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அதே மீன்கள், முள்ளும் கவசமுமாக.

"இன்னா டீச்சர், வலைய நாஸ்தி பண்ணிகினு கீது. துன்னவும் ஒதவல, விக்கவும் ஒதவல. எந்த ஊரு சனியன் இது?"

"அது ஊர் அமேசான்பா, தென்னமெரிக்கா. அங்கே அதைத் தின்ன வேற பிராணி இருக்கு, இங்கே இல்லை. அதுவா வரலை. பாவம்னு சொல்லி நாமதான் ஆத்துல விட்டோம்."

"அப்ப கப்பல்ல ஏத்தி அனுப்பு. ஹார்பர் பக்கத்துலதான கீது!"

டீச்சர் குடையை நழுவவிட்டுச் சிரித்தார். திரும்பும் வழியில் சொன்னார்: "இரக்கம் இருந்தா கடைசிவரைக்கும் வச்சுக் காப்பாத்தணும். ஆத்துல தள்ளிட்டா அது இரக்கமில்லை."

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. மகன் ஆன்டனி அதில் ஒரு வாளியை ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே அந்த மீன்.

"அம்மா நினைவா ஆத்துல விட்டுடலாம்னு, ஆன்ட்டி. ஒரு உயிருக்கு விடுதலை."

டீச்சர் மண்ணுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் தடுத்த காரியம், அவர் பெயராலேயே, பெற்ற பிள்ளையின் கையால். நான் ஆட்டோவின் குறுக்கே நின்றேன்.

"இன்னா ஆயா, தண்ணில பொறந்தத தண்ணில வுட்டா போலீஸ் புடிச்சிகினு பூடுமா?" என்றார் ஓட்டுநர்.

ஆயா என்றதை மன்னித்தேன். வாளியை மட்டும் விடவில்லை. "என் வீட்டுக்கு ஓட்டுங்க" என்றேன்.

என் வீட்டில் இதுவரை ஒரு பூனைகூட நுழைந்ததில்லை. இப்போது கூடத்தில், என் கணவரின் படத்துக்குக் கீழே, அந்த மீன் தொட்டிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். எனக்குப் பிறகும் ஆற்றில் விடக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

"அது ஊர் அமேசான்மா" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அழுகை வந்தது.