நேரான கோடு

"ஏனுங்க, இது கிராஃபுங்களா, கோழி கிளறுன குப்பைங்களா?"

ஏற்காட்டு மலையில் நாங்கள் நட்ட வானிலைக் கம்பத்தின் முதல் வாரப் பதிவைப் பார்த்து அதிகாரி கேட்டது இது. சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை வருவார். கார் கண்ணாடியை இறக்காமலே காற்றைப் பற்றிப் பேசுவார். நான் ஒப்பந்த டெக்னீசியன்.

கம்பம் வெள்ளக்கடை கிராமத்துப் பக்கம் ஒரு சரிவில் இருந்தது. அதில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி சென்சார், நொடிக்குப் பத்து முறை வெப்பநிலையை எடுக்கும். வெயில் ஏறினால் தரையிலிருந்து சூடான காற்று திட்டுத்திட்டாக எழும், மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். கோடு துள்ளத்தான் செய்யும். அந்தத் துள்ளலை அளக்கத்தான் கம்பமே நட்டார்கள். அவரிடம் சொன்னேன்.

"எனக்கே பாடமுங்களா? லூஸ் காண்டாக்ட்டுங்க அது. கோடு நேரா வரலீன்னா உங்க காண்ட்ராக்ட்டை நீட்ட மாட்டேன்."

மூன்று முறை வயர் மாற்றினேன். காற்றுக்கு அவர் பதவி தெரியவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார்: சென்சாரை மூடு. ஊறுகாய் டப்பா ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துக் கட்டினேன். கம்பத்தைச் சுற்றிய வேலிக்குள் புல் அறுக்க வரும் மாதம்மாள் அரிவாளோடு நின்று பார்த்தார்.

"ஏனுங்க சார், காத்தைப் பாக்கற மெசினுன்னு சொன்னீங்க. மூஞ்சிய மூடிப்புட்டா என்னத்தப் பாக்குமுங்க?"

முடிச்சை இன்னும் இறுக்கினேன். வேலை போய்விடும் என்ற பயம்.

கோடு நேரானது. அதிகாரி அதைப் பிரிண்ட் எடுத்து மீட்டிங்கில் காட்டிக் கைதட்டல் வாங்கினார். கோடை முழுக்க டப்பா அப்படியே இருந்தது.

கோடை முடிந்து, ஆராய்ச்சிக்காகக் கம்பத்தை நடச் சொன்ன விஞ்ஞானி அம்மா வந்தார். பதிவைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"யார் மாட்டினது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "நான்தாங்க" என்றேன்.

"கோடு அழகா இருக்கு. பிரேம் போட்டு மாட்டிக்குங்க. டப்பா மாட்டின பிறகு ஆராய்ச்சிக்கு ஒரு நாள் டேட்டாகூடத் தேறாது. இனி அடுத்த கோடைதான்."

அந்த அம்மாவுக்கு ஒரு வருடம் போயிற்று. எனக்கு ஒப்பந்தம் நீண்டது. வாயை மூடிக்கொண்டதற்கு அதிகாரி கொடுத்த கூலி அது. கேவலமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மூடச் சொன்னால், சொன்னவர் பெயரை லாக் புக்கில் எழுதிவிட்டு மூடுங்கள். டப்பா கட்டிய அன்று நான் 'சென்சார் பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பம் பழுதானதே அன்றைக்குத்தான்.